மேற்கில் சரிந்தது எது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஐரோப்பியக் குடும்பங்கள் பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்கு நான்கு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது போதாது என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். மேலை நாடுகளின் பண்பாடு சரிகிறதா, சரிகிறதென்றால் ஏன் என்பதுதான் கடிதங்கள் எல்லாவற்றிலும் அடியில் இருக்கும் கேள்வி. எனவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: மேலை நாடுகள் பண்பாடு கெட்டு அழிந்துகொண்டிருக்கின்றன என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு காணொளி வருகிறது. விவாகரத்து, போதை, தறிகெட்ட பிள்ளைகள் என்று பட்டியல் போட்டு, எல்லாம் ஒழுக்கம் போனதால் வந்த வினை என்கிறார்கள். உண்மையா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, இந்தப் புலம்பல் அங்கேயே மிகப் பழையது. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் 2,000 வருடங்களுக்கு முன்பே, தாத்தாக்கள் காலத்தைவிட அப்பாக்கள் காலம் மோசம், நாங்கள் அதைவிட மோசம், எங்கள் பிள்ளைகள் எங்களையும் மிஞ்சப் போகிறார்கள் என்று பாடிவிட்டுப் போயிருக்கிறார். நம் வீடுகளில் ‘கலி முத்திடுச்சு’ என்று சொல்வார்களே, அதேதான். 1918இல் ஜெர்மனியின் ஓஸ்வால்ட் ஸ்பெங்லர் மேற்குலகின் வீழ்ச்சி என்ற தலைப்பிலேயே ஒரு பெரிய நூலை வெளியிட்டார், போரில் தோற்ற நாடு அதை விழுந்து விழுந்து படித்தது. அதனால் யாராவது அழிவு என்று சொன்னதும் நம்பிவிடாமல், எது குறைந்தது, எது கூடியது என்று தனித்தனியாகப் பார்ப்பதுதான் நியாயம்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விவாகரத்து உச்சத்தில் இருந்தது 1980ஐ ஒட்டிய வருடங்களில், 1,000 பேருக்கு 5க்கும் மேல். இப்போது அதில் பாதிக்கும் குறைவு. கல்யாணம் செய்துகொள்பவர்களே குறைந்துவிட்டார்கள் என்பது இதில் ஒரு பகுதிக் காரணம், அதை மறைக்கக் கூடாது. பதின்வயதுப் பெண்கள் குழந்தை பெறுவது 1991இல் 1,000க்கு 62 ஆக இருந்தது, 2023இல் சுமார் 13. கொலை, கொள்ளை போன்ற வன்குற்றங்களின் விகிதம் 1991க்கும் 2019க்கும் இடையில் பாதியாகிவிட்டது. காணொளி போடுகிறவர்கள் இந்த எண்களைக் காட்டவே மாட்டார்கள்.

போதை மட்டும் உண்மை, அதுவும் பயங்கரமான உண்மை. 2021, 2022 இரண்டு வருடங்களிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அளவு மீறிய போதையால் அங்கே இறந்தார்கள். ஆனால் அது எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். 1996இல் பர்டியூ என்ற மருந்துக் கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அடிமையாக்கும் அபாயம் குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. 2007இலும் 2020இலும் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு தச்சரின் ஒழுக்கத்தை இதில் எப்படிக் குறை சொல்வது?

சரி, அப்படியானால் ஒன்றுமே சரியவில்லையா? சரிந்திருக்கிறது. மனிதர்கள் ஒன்று கூடுவது சரிந்திருக்கிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1990களில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். 1980க்கும் 1993க்கும் இடையில் அங்கே பௌலிங் (கிரிக்கெட் பௌலிங் இல்லை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) ஆடுகிறவர்கள் 10 சதவீதம் அதிகரித்திருந்தார்கள், ஆனால் குழுவாகச் சேர்ந்து வாராவாரம் ஆடும் லீக் ஆட்டங்கள் 40 சதவீதம் குறைந்திருந்தன. ஆட்டம் இருக்கிறது, கூட்டாளிகள் இல்லை. என்னைக் கேட்டால் எல்லாரும் பண்பாட்டுச் சரிவு என்று சொல்வதன் உள்ளே இருக்கும் நிஜம் இதுதான். அதுவும் தானாக நடக்கவில்லை. அந்த இடங்களையும் நேரங்களையும் சட்டம் போட்டும் கணக்குப் பார்த்தும் மூடினார்கள். மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: நான் 30 வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடியதால் ஊர்களின் பண்பாடே போய்விட்டது என்று படித்தேன். வேலை போனால் வருமானம் போகும், பண்பாடு எப்படிப் போகும்?
– வாசகர், நெய்வேலி

பதில்: இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி, ஏனென்றால் இந்தக் கதை பலருக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பவன் நான்.

தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் 1930களில் 100க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் நூலகங்கள் இருந்தன. அரசாங்கம் கட்டியது இல்லை, முதலாளி தானமாகக் கொடுத்ததும் இல்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாராவாரம் சில பென்னிகளைப் பிடித்தம் செய்யச் சொல்லி அந்தப் பணத்தில் கட்டிடம் எழுப்பி, கீழே கூட்ட அரங்கம், மேலே படிப்பறை, பக்கத்தில் பில்லியர்ட்ஸ் மேசை என்று வைத்திருந்தார்கள். பொருளாதாரம், தத்துவம், நாவல் எல்லாம் அலமாரியில் இருந்தன, எந்தப் புத்தகம் வாங்குவது என்று முடிவு செய்த கமிட்டியும் அவர்களுடையதுதான். ட்ரெடிகர் என்ற ஊரில் அப்படி ஒரு நூலகத்தில் படித்து வளர்ந்தவர்தான் அனைரின் பெவன். 13 வயதில் சுரங்கத்துக்குப் போனவர். அவருடைய ஊரில் தொழிலாளர்கள் கூலியில் பிடித்த காசில் ஒரு மருத்துவ உதவிச் சங்கமும் நடத்தினார்கள். அவர் அமைச்சரான பிறகு 1948இல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கினார் என்றால், அதன் விதை அந்தச் சங்கத்தில் இருக்கிறது.

சுரங்கம் மூடினால் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் பிடித்தம் இல்லை. பிடித்தம் நின்றால் நூலகத்துக்கும் அரங்கத்துக்கும் பணம் கிடையாது. இவ்வளவுதான் விஷயம். 1960களிலேயே பல சுரங்கங்கள் மூடப்பட்டு, நூலகங்களின் புத்தகங்கள் எடைக்குப் போக ஆரம்பித்தன. மிச்சத்தைக் காப்பாற்றவே 1973இல் ஸ்வான்சீயில் ஒரு தனி நூலகம் ஏற்பட்டது. 1984-85இல் ஒரு வருடம் நடந்த பெரிய வேலைநிறுத்தம் தோற்ற பிறகு மீதமும் வேகமாக மூடப்பட்டது.

இசைக்கும் இதே கதைதான். யார்க்‌ஷயரில் க்ரைம்தார்ப் சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழு 1917இல் தொடங்கியது. 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. அதே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த தேசியப் போட்டியில் அந்தக் குழு முதல் பரிசு வாங்கியது. அடுத்த வருடம் சுரங்கம் மூடப்பட்டது. குழு எப்படியோ பிழைத்து இன்றும் வாசிக்கிறது, அதற்காக அவர்களைக் கும்பிடலாம். ஆனால் இரவு ஷிப்டில் கரி வெட்டிவிட்டு மாலையில் கொம்பு ஊதப் பழகிய பையன்கள் அந்த ஊரில் இனி உருவாக முடியாது. நீங்கள் சுரங்க ஊரில் வாழ்ந்தவர், ஷிப்ட் நேரம் எப்படி ஊரையே ஒரே தாளத்தில் நடக்க வைக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையை மூடியது சரியா தப்பா என்பது வேறு விவாதம். கரிக்கு எதிர்காலம் இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூடவே என்னவெல்லாம் மூடப்படுகிறது என்று அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை, பதிலுக்கு ஒன்றைக் கட்டித்தரவும் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மூன்று வருடமாக இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்கிறாள். வெள்ளைக்காரர்கள் இயல்பிலேயே ஒட்டாதவர்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லைம்மா. அவர்கள் வீட்டுக்குள் ஆளைக் கூப்பிட்டுப் பழகும் வழக்கம் நம்மைவிடக் குறைவு, அது சரிதான். ஆனால் அவர்கள் பழகுவதற்கு வேறு இடங்கள் இருந்தன. பப் என்றதும் நமக்கு டாஸ்மாக் ஞாபகம் வந்துவிடும், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மதியச் சாப்பாடு, வாரம் ஒரு நாள் வினாடி வினா, இறுதிச் சடங்கு முடிந்து எல்லாரும் உட்காரும் இடம், கிரிக்கெட் கிளப்பின் கூட்டம், எல்லாம் அங்கேதான். குடிக்காதவர்களும் போவார்கள். 2008இல் பிரிட்டனில் சுமார் 50,000 பப்கள் இருந்தன, 2018இல் 39,000. பத்து வருடத்தில் 11,000 போய்விட்டன. 1989இல் அரசு போட்ட ஒரு உத்தரவால் பெரிய மதுபான ஆலைகள் தங்கள் பப்களை விற்க, அவற்றை வாங்கிக் குவித்த கம்பெனிகள் கடனிலேயே வளர்ந்து, கடையை நடத்துபவர்களிடம் வாடகையை ஏற்றின. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு. அப்புறம் 2007இல் இங்கிலாந்தில் புகைத் தடை வந்தது, உடல்நலத்துக்கு அது நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே தள்ளாடிய கடைகளுக்கு அது ஒரு அடி. கட்டிடத்தை வீடாக மாற்றி விற்றால் லாபம் அதிகம் என்ற நிலை வந்ததும் பலர் அதைத்தான் செய்தார்கள்.

குடிக்க விரும்பாதவர்களுக்கு நூலகம் இருந்தது. 2010க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பணத்தைக் கடுமையாக வெட்டியது. முதியோர் பராமரிப்பை நிறுத்த முடியாது, அது சட்டக் கடமை. நூலகமும் 1964 சட்டப்படி கடமைதான், ஆனால் எத்தனை, எவ்வளவு நேரம் என்று சட்டத்தில் இல்லை. வெட்டு அங்கே விழுந்தது. 2019க்குள் பிரிட்டனில் 800க்கு நெருக்கமான நூலகங்கள் மூடப்பட்டன. குழந்தையோடு வரும் தாய், வேலை தேடும் பையன், ஹீட்டர் போட வசதியில்லாத கிழவர், இவர்கள் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய ஒரே கூரை அதுவாக இருந்த ஊர்கள் எத்தனையோ உண்டு.

2018இல் பிரிட்டன் தனிமைக்கென்று ஒரு அமைச்சரை நியமித்தது. 2016இல் கொலை செய்யப்பட்ட எம்.பி. ஜோ காக்ஸ் எடுத்த முயற்சியின் தொடர்ச்சி அது. நல்ல நோக்கம்தான், நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கையால் நூலகத்தை மூடிவிட்டு மறு கையால் தனிமைக்கு அமைச்சர் போடுவது எனக்குப் புரியவே இல்லை.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். லீட்ஸில் இன்னும் நூலகங்கள் இருக்கின்றன, பாடகர் குழுக்கள் இருக்கின்றன, தோட்டத்துக்கு நிலம் குத்தகைக்கு விடுகிறார்கள். பெரும்பாலான பாடகர் குழுக்களில் நன்றாகப் பாடத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. போய்ச் சேரச் சொல்லுங்கள்.

கேள்வி: சின்னப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலும் படிப்பு குறைந்துவிட்டது, கடைகள் மூடுகின்றன என்கிறார்கள். காலம் மாறிவிட்டது என்று விட்டுவிட வேண்டியதுதானா?
– புத்தகக் கடைக்காரர், மதுரை

பதில்: காலத்தின் தலையில் பழியைப் போடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நாடுகளைச் சொல்கிறேன், இரண்டும் ஏறக்குறைய ஒரே மக்கள்தொகை, இரண்டிலும் அதே அமேசான், அதே செல்போன்.

பிரிட்டனில் 1900 முதல் ஒரு ஒப்பந்தம் இருந்தது. பதிப்பாளர் போட்ட விலைக்குத்தான் எல்லாக் கடைகளும் விற்க வேண்டும். 1995இல் பெரிய பதிப்பகங்களும் சங்கிலிக் கடைகளும் அதிலிருந்து விலகின, 1997இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று முடித்துவைத்தது. உடனே சூப்பர் மார்க்கெட்டுகள் அதிகம் விற்கும் புத்தகங்களைப் பாதி விலைக்குக் கொடுத்தன. சிறு கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிட அது மலிவு. அதிகம் விற்கும் பத்துப் புத்தகங்களின் லாபத்தில்தான் ஒரு கடை கவிதைத் தொகுப்பையும் உள்ளூர் வரலாற்றையும் அலமாரியில் வைத்திருக்க முடியும், இது உங்களுக்கே தெரியும். 1995இல் 1,894 ஆக இருந்த தனிப் புத்தகக் கடைகள் 2016இல் 867 ஆகிவிட்டன. அதன் பிறகு கொஞ்சம் ஏறி 2022இல் 1,000ஐத் தாண்டியிருக்கின்றன, அந்தக் கடைக்காரர்களின் பிடிவாதத்துக்கு நன்றி.

பிரான்ஸ் எதிர்த் திசையில் போனது. 1981இல் கலாசார அமைச்சர் ஜாக் லாங் கொண்டுவந்த சட்டப்படி புத்தகத்துக்கு ஒரே விலை, அதிகபட்சத் தள்ளுபடி 5 சதவீதம். இணையத்தில் இலவச டெலிவரி என்ற பெயரில் அதைச் சுற்றி வந்தபோது, 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ டெலிவரிக் கட்டணம் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டு 2023 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இன்றும் 3,000க்கும் மேல் தனிப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் பிறவியிலேயே படிப்பாளி, ஆங்கிலேயர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சட்டம் வேறு, அவ்வளவுதான். எழுத்தாளர்களும் கடைக்காரர்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து கேட்டால் இங்கேயும் இதைப் பேச வைக்கலாம்.

கேள்வி: மக்கள் ஆலயத்துக்குப் போவதை விட்டதே மேலைநாட்டுச் சீரழிவுக்கு முதல் காரணம் என்று பிரசங்கத்தில் கேட்டேன். ஒத்துக்கொள்கிறீர்களா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். போவது குறைந்தது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 71.7 சதவீதம், 2021இல் 46.2. அமெரிக்காவில் ஏதாவது ஒரு ஆலயத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் 1999இல் 70 சதவீதம், 2020இல் 47 என்று கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் சொல்கிறது.

நம்பிக்கை போனால் ஒழுக்கம் போகும் என்ற பகுதியைத்தான் நான் ஏற்கவில்லை. ஐரோப்பாவிலேயே மத ஈடுபாடு மிகக் குறைந்த நாடுகளில் டென்மார்க் ஒன்று. முன்பின் தெரியாதவரை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம் என்று சொல்பவர்கள் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளிலும் அது ஒன்று. எஸ்தோனியாவிலும் ஆலயத்துக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் 1869 முதல் அவர்கள் நடத்தும் பாட்டுத் திருவிழா ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது, சுமார் 30,000 பேர் ஒரே மேடையில் நின்று பாடுவார்கள். 13 லட்சம் பேர் உள்ள நாட்டில்! சோவியத் பிடியிலிருந்து வெளியே வரும் அவர்களுடைய போராட்டமும் 1988இல் பாட்டுப் பாடிய அந்த மைதானத்திலிருந்துதான் தொடங்கியது.

ஆனால் கடவுள் நம்பிக்கை இல்லாத என் நண்பர்கள் பலர், ஆலயம் போனால் என்ன என்று தோளைக் குலுக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போகிற கிழவி ஒரு வாரம் வரவில்லையென்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். நோயாளிக்குச் சாப்பாடு போகும். பணக்காரரும் ஏழையும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். இதையெல்லாம் செய்ய வேறு ஒன்றை அவர்கள் இன்னும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. பிரிட்டனில் உணவு வங்கிகளில் பல இன்றும் ஆலயக் கட்டிடங்களில்தான் இயங்குகின்றன. பிரசங்கம் செய்தவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவர் கவலைப்படுவது நியாயமான கவலைதான்.

கேள்வி: 80களில் ஊரை விட்டு வந்து இங்கேயே வாழ்கிறேன். குடியேறியவர்களால்தான் நாட்டின் பண்பாடு கெட்டது என்ற பேச்சு இப்போது வேலையிடத்திலேயே காதில் விழுகிறது. என்ன பதில் சொல்வது?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: மனசு வலிக்கத்தான் செய்யும். முதலில் வரிசையைப் பாருங்கள். வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் நூலகங்கள் அழிந்தபோது அங்கே குடியேறிகள் மிகச் சொற்பம். க்ரைம்தார்ப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரத்தில் 1977 செப்டம்பர் 19ஆம் தேதி, இன்றும் கறுப்புத் திங்கள் என்று சொல்கிறார்கள், ஒரு எஃகு ஆலையை மூடி 5,000 பேரை வெளியே அனுப்பினார்கள். அந்த ஊர் சரிந்தது வெளியூர்க்காரர்கள் வந்ததால் அல்ல, உள்ளூர்க்காரர்கள் வெளியேறியதால்.

லண்டனில் பிரிக் லேன் தெருவில் ஒரு கட்டிடம் இருக்கிறது. 1743இல் பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த புராட்டஸ்டன்ட்கள் கட்டிய ஆலயம். பிறகு மெதடிஸ்ட் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரிடம் போனது, 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது, 1976 முதல் வங்காளதேசத்தவரின் பள்ளிவாசல். 280 வருடமாக அந்தக் கூரையின் கீழ் மனிதர்கள் கூடுவது நிற்கவில்லையென்றால் அதற்குக் காரணம் வந்தவர்கள்தான். உங்கள் பகுதியிலும் மார்க்கம் சாலையில் ஆகஸ்டில் தெருவிழா நடக்கிறது, சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது, கோயில் தேர் ஓடுகிறது.

பேசுபவரின் பயத்தில் ஒரு துளி நிஜம் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஊருக்குத் திடீரென்று நிறையப் பேர் வந்து, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வீடும் அதற்கேற்பக் கூடவில்லையென்றால் நெரிசல் உண்மையானதுதான். அந்தக் கோபம் போக வேண்டிய இடம் வீடு கட்டாத அரசாங்கம். அவரையும் அடுத்த தேர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் செல்போன்தானே சார் காரணம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ஐபோன் வந்தது 2007இல். நான் மேலே சொன்னவற்றில் பாதி அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது தம்பி. 1950இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூட டி.வி. இல்லை, 1960இல் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பதில் இருந்தது. மாலை நேரத்தை முதலில் தின்றது அதுதான். ஆனால் போன் அதை மோசமாக்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி, கர்நாடகப் பூர்வீகம் கொண்டவர், 2023இல் தனிமை பற்றி ஒரு எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். 15 முதல் 24 வயதுள்ளவர்கள் நண்பர்களோடு நேரில் செலவிட்ட நேரம் 2003இல் நாளுக்குச் சுமார் 150 நிமிடம், 2020இல் 40 நிமிடம் என்று அதில் இருக்கிறது. 2020 கொரோனா வருடம், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும், ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

இன்னொரு இழப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் 2005இல் சுமார் 8,900 செய்தித்தாள்கள் இருந்தன, 2023க்குள் கிட்டத்தட்ட 2,900 மூடப்பட்டன, பெரும்பாலும் சின்ன ஊர் வாரப் பத்திரிகைகள். வரி விளம்பர வருமானம் இணையத்துக்குப் போனதும் அவற்றால் நிற்க முடியவில்லை. யங்ஸ்டவுனின் ‘விண்டிகேட்டர்’ 150 வருடம் நடந்து 2019 ஆகஸ்டில் நின்றது. பக்கத்து ஊர்ப் பத்திரிகை அந்தப் பெயரை வாங்கி ஒரு பதிப்பு போடுகிறது. உள்ளூர்ப் பத்திரிகை இல்லாத ஊரில் நகராட்சிக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று எழுத ஆளில்லை, யார் வீட்டுப் பெண் பரிசு வாங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. வாஷிங்டன் சண்டைகள் மட்டும் எல்லார் போனிலும் இருக்கின்றன. மனிதர்கள் ஒருவரை ஒருவர் கட்சியாக மட்டும் பார்க்க ஆரம்பித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கேள்வி: குழந்தை பெறாத வாழ்க்கை மேற்கத்திய மோகம்தானே?
– வாசகி, சேலம்

பதில்: 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் அமெரிக்காவில் சுமார் 1.6, தென் கொரியாவில் 0.72. நம் தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. மோகம் என்றால் மோகம் பிறந்த இடத்தைவிட நாம் ஏன் கீழே இருக்கிறோம்? வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், வேலை நேரம், இந்த மூன்றையும் பற்றி உங்கள் வீட்டு இளம் தம்பதிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: போனதை எங்காவது திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்களா? நம்பிக்கையாக ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். நீதி போதனை செய்து பார்த்துப் பலிக்கவில்லை. பிறகு வேறு வழியில் போனார்கள். பள்ளி முடிந்த பிறகு விளையாட்டு, இசை, நாட்டியம் எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பயிற்சியாளர்களைப் போட்டார்கள். ஏழைப் பிள்ளைகளும் சேர வேண்டும் என்று ரெய்க்யாவிக் நகரம் ஒவ்வொரு குழந்தைக்கும் வருடாவருடம் பணம் கொடுத்தது. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுள்ளவர்கள் இரவு 10 மணிக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது, பெற்றோர்களே குழுவாகத் தெருவில் நடந்து பார்த்துக்கொண்டார்கள். 2016இல் அந்த 42 வெறும் 5 ஆகிவிட்டது. அதே பிள்ளைகள், அதே இருட்டான குளிர்காலம்.

ஃபின்லாந்து தன் சுதந்திர நூற்றாண்டுப் பரிசாக மக்களுக்கு ஒரு நூலகம் கட்டியது. ஹெல்சின்கியில், பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே, சுமார் 98 மில்லியன் யூரோ செலவில், ஊடி என்று பெயர், 2018 டிசம்பரில் திறந்தார்கள். புத்தகம் மட்டுமில்லை, தையல் மெஷின், இசைப்பதிவு அறை, சமையலறை எல்லாம் உள்ளே உண்டு. பிரிட்டன் நூலகங்களை மூடிக்கொண்டிருந்த அதே வருடங்களில் இது நடந்தது என்பதை மறக்க வேண்டாம். இங்கிலாந்திலும் 2011 சட்டம் ஒன்றின்படி, ஊர்ச் சொத்து என்று பதிவு செய்த பப்பையோ கடையையோ விற்க வந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். அப்படி ஊரே பங்கு போட்டு வாங்கி நடத்தும் பப்கள் இப்போது இருக்கின்றன.

கேள்வி: என் மகன் வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போகிறான். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகளே திறக்காதாமே? இந்தக் காலத்திலுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இந்தக் காலத்திலும்தான். ஞாயிறு ஓய்வு அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, 1919இல் எழுதிய பிரிவை இன்றும் வைத்திருக்கிறார்கள். பெர்லின் நகரம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க அனுமதித்தபோது, 2009இல் அரசியல் சட்ட நீதிமன்றம் கூடாது என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 1986இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஞாயிறு வியாபாரத்தை அனுமதிக்க மசோதா கொண்டுவந்து, ஆலயங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து எதிர்த்ததில் தோற்றார். 1994இல் அதே சட்டம் வேறு வடிவில் நிறைவேறியது, அன்று முதல் கடை ஊழியர்களின் குடும்பங்களுக்குப் பொதுவான விடுமுறை நாள் இல்லாமல் போனது. ஜெர்மனியில் அந்த நாள் இன்னும் இருக்கிறது, சுமார் 6 லட்சம் பதிவு பெற்ற சங்கங்கள், பாட்டுச் சங்கம் முதல் மலையேறும் சங்கம் வரை, அங்கே இருக்கின்றன, கூடுவதற்கு அந்த மாதிரி நாட்கள் உதவுகின்றன.

பையனுக்கு முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும். பாலும் காய்கறியும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரொம்ப அவசரம் என்றால் ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் திறந்திருக்கும், விலை கொஞ்சம் கூடுதல். ஞாயிறு வீட்டில் துளை போடும் மெஷினை எடுக்க வேண்டாம், சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.